ஆன்ட்வெர்ப் நோயாளியின் இதயம்: வைரஸ், அழற்சி, இரும்பு

கோவிட் தொற்றுக்கு ஆளான 48 வயது ஆண். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் வலுவை இழந்து, உடல் அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டது. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் கலந்து திருப்பி அனுப்பும் எக்மோ கருவியில் இணைத்தார்கள், டயாலிசிஸ் செய்தார்கள், மருந்துகளை உச்ச அளவில் கொடுத்தார்கள். எதுவும் கைகொடுக்கவில்லை.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மருத்துவர்கள் 2020-ல் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் இதயச் செயலிழப்பு இதழில் வெளியிட்ட நிகழ்வு அறிக்கை இது. அந்த ஆண்டில் இப்படிப்பட்ட மரணங்களுக்கும் பஞ்சமில்லை, அறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. இந்த ஒன்றை எடுத்து விரிவாகப் பேசக் காரணம் உண்டு. இதயத் தசையில் அழற்சி இருந்ததா, வைரஸ் இருந்ததா என்று பார்ப்பதோடு பெரும்பாலான உடற்கூராய்வுகள் முடிந்துவிடும். இவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: செத்துப்போன இந்த இதயச் செல்கள் எந்த வழியில் செத்தன?

செத்தபின் வழியைத் தெரிந்து என்ன பயன் என்று தோன்றலாம். இதயத்தைப் பொறுத்தவரை அதுதான் முதன்மையான கேள்வி. தோலும் குடலும் ஈரலும் இழந்த செல்களை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். இதயத் தசை அப்படியல்ல. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-ல் கணக்கிட்டபோது, 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு இதயத் தசைச் செல்களே புதுப்பிக்கப்படுகின்றன என்று தெரிந்தது. 75 வயதில் அது 0.45 விழுக்காடாகக் குறைகிறது. வைரஸ் தாக்கிய சில நாட்களில் இழந்த செல்களை வாழ்நாள் முழுக்க முயன்றாலும் இதயம் ஈடுகட்டாது. அந்த இடத்தைத் தழும்புத் திசு பிடித்துக்கொள்ளும். ஆகவே செல் சாகும் வழி தெரிந்து, அந்த வழியை மருந்தால் அடைக்க முடிந்தால், மிச்சமாகும் ஒவ்வொரு செல்லும் லாபமே.

உடற்கூராய்வில் கண்டது

நுரையீரலில் இருந்தவை அந்த ஆண்டு நோயியல் மருத்துவர்களுக்குப் பழகிப்போனவை. காற்றறைகள் பரவலாகச் சிதைந்திருந்தன, அவற்றின் சுவரில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள் பெருகியிருந்தன, சிறு ரத்தக்குழாய்களில் நுண்ணிய ரத்தக்கட்டிகள் அடைத்திருந்தன. வைரஸின் ஆர்.என்.ஏ. நுரையீரலில் மட்டுமல்ல, இதயத் தசையிலும் கிடைத்தது.

இதயத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் திட்டுத்திட்டாகவும், சில இடங்களில் ரத்தக்குழாய்களைச் சுற்றியும் குவிந்திருந்தன. அவை தசைச் செல்களை வளைத்து இறுகப் பிடித்திருந்ததையும், அப்படிப் பிடிபட்ட செல்கள் சிதைந்தும் செத்தும் கிடந்ததையும் அறிக்கை பதிவு செய்கிறது. பெரும்பாலானவை டி செல்கள். அவற்றில் துணைபுரியும் சிடி4 வகைக்கும் கொல்லும் சிடி8 வகைக்கும் இருந்த விகிதம் 1.7.

1986-ல் வகுக்கப்பட்ட டல்லஸ் அளவுகோல், மயோகார்டைட்டிஸ் என்னும் இதயத் தசையழற்சியை உறுதிசெய்ய இரண்டு அடையாளங்களைக் கேட்கிறது: அழற்சிச் செல்களின் ஊடுருவல், அதை ஒட்டிய தசைச் செல்களின் சிதைவு. இங்கே இரண்டும் இருந்தன. இதை அழுத்திச் சொல்வது அவசியம். கோவிட் காலத்தில், இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் உயர்ந்த எல்லாரையும் மயோகார்டைட்டிஸ் என்று அழைக்கும் பழக்கம் பரவியது. நுண்ணோக்கியில் பார்த்தால் முழுமையான மயோகார்டைட்டிஸ் அரிதாகவே இருந்தது. ஆன்ட்வெர்ப் நோயாளிக்கு இருந்தது ஐயத்துக்கு இடமில்லாத மயோகார்டைட்டிஸ்.

அடுத்து, இ06 என்னும் எதிர்ப்பொருளைக் கொண்டு தசைத் துண்டுகளுக்குச் சாயமேற்றினார்கள். செல் சவ்வுகளில் நிறைந்திருக்கும் பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால், அதில் போய் ஒட்டிக்கொள்வது இந்த எதிர்ப்பொருள். லிம்ஃபோசைட்டுக் கூட்டத்தை ஒட்டிச் சிதைந்துகொண்டிருந்த செல்களிலும், தமனிகளுக்கு அருகிலும், இதயத்தின் வெளிப்புறப் படலத்திலும் சாயம் பிடித்தது. சிறுநீரகத்தின் அண்மை நுண்குழல்களிலும் பிடித்தது. அங்கே ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு உடைந்து உண்டாகும் 4-ஹைட்ராக்சிநானினல் என்ற நச்சுப் பொருளும் காணப்பட்டது.

இவற்றை ஃபெரோப்டோசிஸின், அதாவது இரும்பால் கொழுப்பு கெட்டுச் செல் சாகும் வழியின், தடயம் என்று அவர்கள் வாசித்தார்கள். கோவிட் நோயாளியின் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இந்தத் தடயத்தைக் காட்டிய முதல் அறிக்கை இது என்றும் எழுதினார்கள்.

இரும்பு எப்படிக் கொல்கிறது

ஃபெரோப்டோசிஸ் என்ற பெயர் 2012-ல் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல், ஸ்காட் டிக்சன் குழுவினர், எராஸ்டின் என்ற பொருள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் விதம் அதுவரை தெரிந்த எந்த வகையிலும் சேரவில்லை என்பதைக் காட்டினார்கள். திட்டமிட்ட செல் மரணமான அப்போப்டோசிஸுக்கு உரிய காஸ்பேஸ் நொதிகள் அங்கே வேலை செய்யவில்லை. செல்லிலிருந்து இரும்பைக் கவர்ந்து எடுத்துவிட்டால் மரணம் நின்றுபோனது.

உள்ளே நடப்பதை இப்படிச் சொல்லலாம். செல் சவ்வில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே சேர்த்து வைப்பதில் ஏசிஎஸ்எல்4 என்ற நொதிக்குப் பெரும் பங்கு. இந்தக் கொழுப்புகள் ஆக்சிஜனிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும். பல நாள் திறந்து கிடந்த கடலை எண்ணெய் காறிப்போவதும் இதே வேதியியல்தான். உயிருள்ள செல்லில் இது நடக்காமல் காப்பது ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. கெட்டுப்போன கொழுப்பு பெராக்சைடுகளை அது ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதற்குக் குளுட்டாதயோன் என்ற துணைப்பொருள் வேண்டும். குளுட்டாதயோன் உண்டாக்க வெளியிலிருந்து சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்த இடம் அறுந்தாலும் பெராக்சைடு சேரத் தொடங்குகிறது. அப்போது பிணைப்பில்லாமல் திரியும் இருமதிப்பு இரும்பு கொஞ்சம் இருந்தால் போதும்: பெராக்சைடை உடைத்து வீரியமுள்ள மூலக்கூறுகளாக்கும், அவை பக்கத்துக் கொழுப்பைத் தாக்கும், அது அதற்கு அடுத்ததை. கடைசியில் சவ்வு கிழிந்து செல் சாகிறது.

இதயத் தசைச் செல் இதற்குத் தோதான இடம். ஓயாமல் சுருங்கி விரிய ஆற்றல் வேண்டும் என்பதால் அதன் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்றாலே இரும்பு. தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினிலும் இரும்பு. செல்லின் மேற்பரப்பிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி வழியாக உள்ளே வரும் இரும்பு ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் அடைத்து வைக்கப்படுகிறது. வெளியேற ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே வழிதான். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலியின் இதயச் செல்களில் மட்டும் ஃபெரோபோர்ட்டினை நீக்கிப் பார்த்தார்கள். உடலின் மற்ற இடங்களில் இரும்பு சரியாக இருந்தும், இதயச் செல்களுக்குள் இரும்பு தேங்கி, இதயம் செயலிழந்து எலிகள் இறந்தன.

தொற்றின்போது உடல் செய்யும் ஒரு தற்காப்பு இங்கே இதயத்துக்கு எதிராகத் திரும்பக்கூடும். அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் உயர்ந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஹெப்சிடின் ஃபெரோபோர்ட்டினை முடக்குகிறது. ரத்தத்தில் இரும்பு குறைகிறது, செல்களுக்குள் தங்குகிறது. இரும்பைத் தேடி வரும் பாக்டீரியாவைப் பட்டினி போட இது நல்ல ஏற்பாடு. வைரஸ் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது; அதன் விஷயத்தில் இந்த ஏற்பாட்டால் வரும் நன்மை அவ்வளவு தெளிவாக இல்லை.

ஒப்பீடுகள் என்ன சொல்கின்றன

சாயம் பிடித்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆன்ட்வெர்ப் குழு இரண்டு இதயங்களை ஒப்பிட்டது. ஒன்று, கோவிட் வந்து மயோகார்டைட்டிஸ் இல்லாதவருடையது. மற்றொன்று, காரணம் தெரியாத வேறொரு வைரஸ் மயோகார்டைட்டிஸால் திடீரென இறந்தவருடையது. முதல் இதயத்தில் இ06 சாயம் பிடித்தது. இரண்டாவதில் பிடிக்கவில்லை, அவருடைய சிறுநீரகத்திலும் எதுவும் இல்லை.

முதல் பார்வைக்கு இது வலுவான சான்று. அழற்சி இருந்த இடத்தில் தடயம் இல்லை, அழற்சி இல்லாத இடத்தில் இருக்கிறது. அப்படியானால் இந்த ஆக்சிஜனேற்றம் லிம்ஃபோசைட்டுகளின் வெறும் பின்விளைவாக இருக்க முடியாது. கோவிட்டுக்கு உரிய ஏதோ ஒன்று இதயத்தில் இந்த மரணத்தைத் தூண்டுகிறது.

நான் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். தடயம் இல்லாதவர் எப்படி இறந்தார் என்று பாருங்கள்: திடீர் மரணம். அதிர்ச்சி நிலையில் கிடந்ததற்கோ, எக்மோவுக்கோ, டயாலிசிஸுக்கோ அங்கே வாய்ப்பில்லை. தடயம் இருந்த 48 வயதுக்காரரோ இவை அனைத்தையும் கடந்தவர். ரத்த ஓட்டம் குறைந்து மீண்டும் பாயும்போது இதயத்திலும் சிறுநீரகத்திலும் ஃபெரோப்டோசிஸ் நடக்கும் என்பது எலிகளில் நிறுவப்பட்ட ஒன்று. கோவிட் வராத ஒருவருக்கும் நீண்ட அதிர்ச்சி நிலை இதே சாயத்தைக் கொடுத்திருக்கலாம். ஆகவே இந்த மூன்று இதயங்களைப் பிரிப்பது வைரஸின் பெயரா, சாவதற்கு முன் தீவிர சிகிச்சையில் கழிந்த நேரமா என்பதை இந்தத் தரவால் சொல்ல முடியாது. அதே தீவிர சிகிச்சையில் அதே அளவு அதிர்ச்சியில் இருந்து, வேறு காரணத்தால் இறந்தவரின் இதயம் நான்காவதாக இருந்திருக்க வேண்டும். பெருந்தொற்றின் நடுவே அதைத் தேடிப் பிடிக்காததைக் குறையாகச் சொல்லவில்லை. முடிவை வாசிக்கும்போது அது இல்லாததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது தயக்கம் இ06 பற்றியது. கலிஃபோர்னியாவில் தமனித் தடிப்பு ஆய்வுகளிலிருந்து வந்த எதிர்ப்பொருள் அது. ஆக்சிஜனேற்றமடைந்த எல்.டி.எல். கொழுப்பில் ஒட்டும்; அப்போப்டோசிஸில் சாகும் செல்களின் மேற்பரப்பிலும் ஒட்டும் என்று 1999-லேயே காட்டப்பட்டது. எனவே இ06 பிடித்த செல் ஃபெரோப்டோசிஸில்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கொழுப்பு கெட்டிருந்தது என்றே சொல்லலாம். கெட்டதால் செத்ததா, செத்ததால் கெட்டதா என்பது திறந்தே இருக்கிறது.

சிறுநீரகத்தில் கிடைத்த தடயத்தை மட்டும் நான் கூடுதல் மதிப்போடு பார்க்கிறேன். அங்கே இரண்டு வெவ்வேறு அடையாளங்கள் ஒரே இடத்தில் பொருந்தின. சிறுநீரக நுண்குழல்கள் ஃபெரோப்டோசிஸில் வரிசையாக, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொண்டு போவதுபோலச் சாகும் என்பது 2014-ல் காட்டப்பட்டிருந்தது. இதயத்திலும் மரணம் அப்படிப் பரவுமானால், வைரஸ் நேரடியாகத் தொட்ட செல்கள் சிலவே என்றாலும் சேதம் பெரிதாவது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கும்.

லிம்ஃபோசைட்டுகள் பிடித்திருந்த செல்களிலேயே சாயம் பிடித்தது என்பதற்கும் ஒரு வழியைக் காட்டலாம். 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, சிடி8 டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம், புற்றுநோய்ச் செல்கள் சிஸ்டைனை உள்ளிழுக்கும் வழியைக் குறைத்து அவற்றை ஃபெரோப்டோசிஸுக்குத் தள்ளுகிறது என்று கண்டது. புற்றுநோயில் நமக்கு வேண்டிய அதே ஆயுதம் இதயத் தசையில் திரும்பினால் விளைவு வேறு. இதயச் செல்லிலும் இது நடக்கிறதா என்பதைத் தனியே சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அழற்சியையும் இரும்பையும் இரண்டு போட்டி விளக்கங்களாக வைப்பது தேவையற்றது என்பதை இது காட்டுகிறது.

அதிர்ச்சி நிலை இல்லாத இடத்தில்

நோயாளியின் உடலில் கலந்து கிடக்கும் காரணங்களைப் பிரிக்க ஒரு வழி, எக்மோவும் ரத்த ஓட்டக் குறைவும் இல்லாத இடத்தில் வைரஸை மட்டும் விட்டுப் பார்ப்பது. 2022-ல் நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதயத்துக்குத் தாளம் வகுக்கும் சைனஸ் கணுச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். கோவிட் நோயாளிகள் பலருக்கு நாடித்துடிப்பு காரணமின்றி மந்தமானதும் தாறுமாறானதும் அவர்களை இதற்கு இழுத்தது. வைரஸ் ஏற்றிய வெள்ளெலிகளின் சைனஸ் கணுவில் வைரஸ் இருந்தது. மனிதக் கருக் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த சைனஸ் கணுச் செல்களிலும் தொற்றியது. தொற்றியபின் கால்சியக் கையாளுகை குலைந்தது, ஃபெரோப்டோசிஸ் பாதை தூண்டப்பட்டது. மருந்துகளைச் சலித்துப் பார்த்ததில் இரண்டு தேறின: இரும்பைக் கவரும் டெஃபெராக்சமைன், ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப்.

ஆன்ட்வெர்ப் அறிக்கையில் இல்லாத ஒன்றை இது தந்தது: ரத்த ஓட்டத் தடை இல்லாமலே வைரஸ் இந்தப் பாதையைத் தூண்டும் என்ற செய்தி. ஆனால் அந்த இரு மருந்துகளும் ஃபெரோப்டோசிஸை மட்டும் தடுக்கவில்லை. வைரஸ் தொற்றையே குறைத்தன. வைரஸ் குறைந்தால் அதனால் வரும் எல்லாச் சேதமும் குறையும். ஆகவே செல்லைக் காத்தது இரும்பை எடுத்ததா, வைரஸை நிறுத்தியதா என்பது இங்கேயும் பிரியவில்லை.

இதைப் பிரித்துக் காட்டிய ஒரு நல்ல சோதனை வைரஸ் இல்லாத வேறோர் இதய நோயில் இருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைக் கெடுக்கும். 2019-ல் சீன ஆய்வாளர்கள், மற்ற செல் மரண வழிகளுக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அந்த வழிகள் அடைபட்டும் எலிகள் இறந்தன. ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 கொடுத்தபோது இறப்பு குறைந்தது. ஹீம் என்ற இரும்புள்ள கூறை உடைத்து இரும்பை விடுவிக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதி இதில் பங்கெடுத்ததையும், இரும்பு மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்ததையும் கண்டார்கள். மற்ற வழிகளை அடைத்தும் மரணம் தொடர்வது, இந்த வழியை அடைத்தால் நிற்பது: வைரஸ் மயோகார்டைட்டிஸுக்கும் இந்த வடிவில் நிரூபணம் வர வேண்டும்.

காக்ஸாக்கி வைரஸும் கேஷான் மாவட்டமும்

கோவிட்டுக்கு வெகுமுன்பே இதயத்தைத் தாக்கும் வைரஸ் என்று பெயரெடுத்தது காக்ஸாக்கி பி3. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள காக்ஸாக்கி என்ற சிற்றூர்க் குழந்தைகளிடமிருந்து இந்தக் குடும்பத்தின் முதல் வைரஸை கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் 1948-ல் பிரித்தெடுத்தார்கள். பி3 வைரஸ், செல்லுக்குள் நுழைந்ததும் தன் 2ஏ நொதியால் தசைச் செல்லைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தையே வெட்டிவிடும் என்று 1999-ல் தெரியவந்தது. வைரஸ் இதயத்தை எப்படிக் கெடுக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்கு அது போதுமான விடையாகப் பட்டது.

2022-ல் சீனக் குழு ஒன்று அதே வைரஸில் இரும்பின் பங்கைக் காட்டியது. தொற்றிய செல்லில் எஸ்பி1 என்ற புரதம் உட்கருவுக்குள் திரட்டப்பட்டு, டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஏற்பி கூடினால் உள்ளே வரும் இரும்பு கூடுகிறது, ஃபெரோப்டோசிஸ் தொடங்குகிறது. ஆன்ட்வெர்ப் அறிக்கையில் தடயம் இல்லாமல் இருந்தது கோவிட் அல்லாத வைரஸ் மயோகார்டைட்டிஸ் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த ஒரே நோயாளியை வைத்து மற்ற வைரஸ்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியிருந்தால் தவறாகியிருக்கும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இன்னும் பழைய ஓர் இழை. சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் மாவட்டத்தில் 1935-ல் மக்கள் இதயம் செயலிழந்து கொத்தாக இறந்தார்கள். பின்னாளில் நாட்டின் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டையாக இதே நோய் காணப்பட்டது. குழந்தைகளும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுமே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பட்டையின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. சிச்சுவானில் 1974-ல் குழந்தைகளுக்கு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் வந்தது. பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேருக்கு.

ஆனால் செலினியக் குறைவு மட்டும் காரணமென்றால் நோய் ஏன் சில பருவங்களிலும் சில ஆண்டுகளிலும் பொங்கி எழுந்தது? நோயாளிகளிடமிருந்து காக்ஸாக்கி வைரஸ்கள் கிடைத்தன. 1995-ல் அமெரிக்காவில் மெலிண்டா பெக் குழுவினர், இதயத்துக்கு ஊறு செய்யாத ஒரு பி3 வகையைச் செலினியம் இல்லாத உணவு உண்ட எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் இதயம் கெட்டது. அந்த எலிகளிலிருந்து எடுத்த வைரஸைச் செலினியம் போதுமான அளவு பெற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இதயமும் கெட்டது. வைரஸின் மரபுத் தொடரில் ஆறு இடங்கள் மாறியிருந்தன. ஊட்டம் குறைந்த உடல் வைரஸையே கொடியதாக்கிவிட்டது.

செலினியம் இங்கே எப்படி வந்து சேர்கிறது? ஜிபிஎக்ஸ்4 செலினியம் கொண்ட நொதி. அதில் செலினியத்துக்குப் பதிலாகக் கந்தகம் இருந்தால் பெராக்சைடுத் தாக்குதலின்போது ஃபெரோப்டோசிஸிலிருந்து செல்லைக் காக்க முடியவில்லை என்று 2018-ல் காட்டினார்கள். கோவிட் வைரஸ் தொற்றிய குரங்குச் சிறுநீரகச் செல்களில் ஜிபிஎக்ஸ்4-க்கான ஆர்.என்.ஏ. குறைந்ததை 2021-ல் இன்னொரு குழு பதிவு செய்தது. இவற்றை அடுக்கிப் பார்த்தால் கேஷான் மாவட்டத்திலிருந்து ஆன்ட்வெர்ப் வரை ஒரே கோடு போட்டுவிட ஆசை வரும். பெக்கின் சோதனைகளில் ஆராயப்பட்டது ஜிபிஎக்ஸ்1 என்ற வேறொரு நொதி. சேதத்துக்கு அவர்கள் காட்டிய காரணம் வைரஸின் மாற்றம். கேஷான் நோயில் இதயச் செல்கள் ஃபெரோப்டோசிஸில் செத்தன என்று அன்று யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க அந்தக் கருத்தே அப்போது பிறக்கவில்லை. கோடு பொருத்தமாக இருக்கிறது, நிறுவப்படவில்லை.

சிகிச்சைக்கு இதில் என்ன இருக்கிறது

டெஃபெராக்சமைன் புதிய மருந்தல்ல. தலசீமியா குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருகிறோம். டாக்சோரூபிசினிலிருந்து இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராசாக்சேனும் கையில் இருக்கிறது. அதுவும் இரும்பைக் கவரும். பிறகு ஏன் மயோகார்டைட்டிஸ் நோயாளிக்குக் கொடுக்கத் தயங்க வேண்டும்?

மாரடைப்பில் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். அடைபட்ட தமனியைத் திறக்கும்போது டெஃபெராக்சமைன் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வு 2012-ல் வெளியானது. ரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அளவுகோல் இறங்கியது. செத்த தசையின் அளவு குறையவில்லை. அளவுகோல் நல்லபடியாக மாறியும் இதயம் பிழைக்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. வைட்டமின் இ கதையும் அப்படியே. ஆய்வகத்தில் அது ஃபெரோப்டோசிஸை நன்றாகத் தடுக்கும். இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்த ஹோப் ஆய்வில் 2000-ல் பலன் இல்லை என்று தெரிந்தது. அதன் தொடர்ச்சியில், 2005-ல், வைட்டமின் இ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரும்பு இதயத்துக்கு எதிரி அல்ல. இதயச் செயலிழப்போடு இரும்புக் குறைவும் உள்ளவர்களுக்கு ஊசிவழி இரும்பு கொடுத்தால் மூச்சிரைப்பு குறைந்து நடமாட்டம் கூடுகிறது என்று 2009-ன் ஃபேர்-எச்.எஃப். ஆய்வு காட்டியது. இப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, ரத்தசோகைக்கு எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையைக் கர்ப்பிணி ஒருவர் நிறுத்தினால் அது பெருந்தீங்கு. கோவிட்டில் ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறியதைப் பார்த்து உடலில் இரும்பு நிறைந்து வழிவதாக எண்ணியவர்களும் உண்டு. ரத்தத்தின் ஃபெரிட்டின் அழற்சியாலும் ஏறும். அந்த எண்ணை வைத்து இதயச் செல்லுக்குள் திரியும் இரும்பை அளக்க முடியாது. செலினியமும் அப்படித்தான்: மண்ணிலேயே குறைவான பகுதிகளில் உயிர் காத்தது, போதிய அளவு உண்பவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் நச்சாகும்.

மருந்து எப்போது கொடுக்கப்படுகிறது என்பதே என் பார்வையில் முதல் சிக்கல். ஆன்ட்வெர்ப் நோயாளிக்கு அதிர்ச்சி நிலை வந்தபோது செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் மருந்து வேலை செய்யவேண்டிய நேரம் அதற்கு முந்தையது: ட்ரோபோனின் ஏறத் தொடங்கி, இதயம் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நாட்கள். அப்போது நோயாளியின் இதயச் செல் எந்த வழியில் சாகிறது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று கிடையாது. எம்.ஆர்.ஐ. வீக்கத்தையும் தழும்பையும் காட்டும். செல் சாகும் வழியைக் காட்டாது. மிச்சமிருப்பது இதயத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கும் சிறு தசைத்துண்டு மட்டுமே. கடுமையான மயோகார்டைட்டிஸில் அந்தத் துண்டை எப்படியும் எடுக்கிறோம். அழற்சிச் செல் எந்த வகை, லிம்ஃபோசைட்டா, இராட்சதச் செல்லா, ஈசினோஃபிலா என்று பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்ய அது வேண்டும். அதே துண்டில் இ06-ஐயும், 4-ஹைட்ராக்சிநானினலையும், ஜிபிஎக்ஸ்4-ஐயும், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியையும், அப்போப்டோசிஸைக் காட்டும் காஸ்பேஸ்-3-ஐயும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு சாயத்தை மட்டும் நம்பியதால் வந்த குழப்பத்தில் பாதி அதில் தீரும்.

பெருந்தொற்று ஆண்டுகளில் செய்த உடற்கூராய்வுகளின் திசுத் துண்டுகளைப் பொதித்து வைத்த மெழுகுக் கட்டிகள் பல நாடுகளின் நோயியல் துறைகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் அதிர்ச்சி நிலையில் இறந்த கோவிட் நோயாளிகளும் இருக்கிறார்கள், அதே காலத்தில் வேறு நோயால் அதே நிலையில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். கொழுப்பு சேமிப்பிலும் ஆக்சிஜனேற்றமடையும் என்பதால், ஒரே காலம் வைத்திருந்த கட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஆன்ட்வெர்ப் ஒப்பீட்டில் இல்லாமல் போன அந்த நான்காவது இதயம் இந்த அலமாரிகளில்தான் கிடைக்கும்.